வஜ்ரநாதன் படம் வருகிறது

தேசப்பனின் போன் வந்தபோது சாலம்மாள் உப்புப் பாத்திக்கு நடுவில் நின்றிருந்தாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் உப்பின் மேல் வெயில் விழுந்து கண்ணைக் குத்த ஆரம்பித்துவிட்டது. வரப்பில் சோற்றுத் தூக்கோடு துணியில் சுற்றி வைத்திருந்த போனை மருமகள் சரண்யாதான் எடுத்தாள்.

"அத்த, முதலியார்சாவடி சிடி கடை அண்ணன். அவசரமாம்."

"அப்பறம் பேசறேன்னு சொல்லு. கை பூரா உப்பு."

"படம் வருதாம் அத்த."

சாலம்மாள் கையிலிருந்த பலகையைக் கீழே போட்டாள். நீளக் கழியின் முனையில் கட்டையை அறைந்து, உப்பை இழுத்துக் குவிக்கிற பலகை அது. பாத்தித் தரையில் குத்தி விழுந்தால் தரை பெயர்ந்துவிடும் என்று மற்றவர்களைத் திட்டுகிறவளே அவள்தான். இப்போது அவளுடையதே விழுந்தது. வரப்பேறி வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"எந்தப் படம்பா?"

"நீ கேக்குற படம்தான்க்கா. கழிமுகக் காவலன். தலைவருக்கு நூறாவது வருஷம் இல்ல? மெட்ராஸ்ல ஒரு கம்பெனி பழைய பிலிமெல்லாம் தேடி எடுத்து, கழுவி, சுத்தம் பண்ணி டிஸ்கா போடுறாங்க. இந்தப் படத்தோட பிரிண்ட் சிங்கப்பூர்ல எவன் வீட்டுலயோ கெடந்துச்சாம். வைகாசில ரிலீஸு. அக்கா, கேக்குதா? அழுவுறியா?"

"இல்ல. காத்து."

அன்று காற்றே இல்லை.

தேசப்பன் அவளை நடிகர் வஜ்ரநாதனின் பெரிய ரசிகை என்று நினைத்திருந்தார். நினைக்காமல் எப்படி இருப்பார்? அவர் முதலில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட காலத்திலேயே கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்து அந்தப் படத்தைக் கேட்டவள் அவள். கேசட் போய் சிடி வந்தது. அப்போதும் வந்தாள். சிடி போய் டிவிடி வந்தது. வந்தாள். கடை இப்போது செல்போனுக்கு உறை விற்கிற கடையாகிவிட்டது. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மரக்காணத்தில் பஸ் ஏறிவிடுவாள். கீழ்புத்துப்பட்டு நிறுத்தத்தில் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிறவர்கள் பானையும் விறகுமாக இறங்கிக்கொள்வார்கள். அவள் இறங்கமாட்டாள். பெரிய முதலியார்சாவடியில் இறங்கி, கடை வாசலில் நின்று, "வந்துச்சாப்பா?" என்பாள். வஜ்ரநாதனின் மற்ற படங்களெல்லாம் வந்தன. ராஜா வேஷம், போலீஸ் வேஷம், இரட்டை வேஷம் எல்லாம் வந்தன. தேசப்பன் சும்மா எடுத்துக் கொடுத்தாலும் அவள் தொடமாட்டாள். "எனக்கு அது ஒன்னுதான்."

"உன்ன மாதிரி ஒரு ரசிகை தலைவருக்கு இல்லக்கா" என்று அவர் கண் கலங்குவார். அவள் திருத்தியதில்லை. வஜ்ரநாதனை அவள் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். குடைக்குக் கீழே ஈரக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை.

அவள் பார்க்க வேண்டியிருந்தது வேறு ஆளை.

*

உப்பளத்தில் பாத்தி என்பது சும்மா கிடைக்கிற தரை இல்லை. மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடிந்ததும் சேற்றைப் புரட்டிப் போட்டு, வரிசையாக நின்று மிதிக்க வேண்டும். காய்ந்து இறுக இறுகத் தண்ணீர் தெளித்துத் திரும்பவும் மிதிக்க வேண்டும். கடைசியில் அது சிமெண்டுத் தரை மாதிரி ஆகும். அப்போதுதான் மண் கலக்காமல் உப்பு வெள்ளையாக இறங்கும். அதனால் பாத்திக்குள் காலில் எதையும் போட்டுக்கொண்டு யாரும் இறங்குவதில்லை. காலில் புண் வராமலிருக்க அதிகாரிகள் ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். வரப்பு வரைக்கும் போட்டுக்கொண்டு வந்து, அங்கே கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் இறங்குகிறார்கள். குத்தகைக்காரனும் அப்படித்தான், கணக்குப் பார்க்க வருகிறவனும் அப்படித்தான்.

சாலம்மாள் தாவணி போட்டிருந்த காலத்தில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். படமெடுக்கப் பாத்தியை விட்டவர் சுப்ராயன். அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். முறுக்கு மீசையும் சினிமா ஆசையும் உள்ள முதலாளி. பாத்தி விட்டதற்குப் பதிலாக எனக்கு ஒரு வேஷம் என்று கேட்டு வாங்கினார். கொடுமைக்காரக் கங்காணி வேஷம். உப்பு வாரும் பெண்களை அவர் உதைக்க வர, பெண்கள் பலகையை எடுத்து அவரைத் துரத்த, கதாநாயகன் நடுவில் வந்து விலக்குவான். இதுதான் காட்சி. பெண்களாக அவருடைய உப்பளத்துக் கூலிப் பெண்களே நின்றார்கள். முன்வரிசையில் சாலம்மாளின் அம்மா ஆண்டாள்.

டைரக்டர் கங்காணிக்குப் பூட்ஸ் மாட்டச் சொன்னார். முழங்கால் வரைக்கும் வருகிற, அடியில் லாடம் அடித்த பூட்ஸ். சுப்ராயன் வரப்பில் நின்று காலைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். அப்புறம் கேமராவைப் பார்த்தார். கேமராவைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. இறங்கிவிட்டார். தை மாதம் முழுக்க ஆண்டாள் மிதித்து இறுக்கிய தரையில் லாடம் பதிந்து பொத்துப் பொத்தென்று சேறு மேலே வந்தது.

அதற்குப் பிறகு அங்கே யாரும் நடிக்கவில்லை.

ஆண்டாள்தான் முதலில் அடித்தாள். பிறகு எல்லோரும். டைரக்டருக்கு இருந்த சந்தோஷத்தில் நிறுத்தச் சொல்லவே இல்லை.

சினிமாக்காரர்கள் போய் ஒரு வாரத்துக்குள் ஆண்டாளின் குடிசையில் உப்பு மூட்டை ஒன்று கிடந்தது. கூடவே சுப்ராயனும் இரண்டு காவலர்களும் வந்தார்கள். மூட்டையைத் தலையில் தூக்கவைத்து மரக்காணம் கடைத்தெரு வழியாக அவளை நடத்திக்கொண்டு போனார்கள். ஈர உப்பு. தண்ணீர் வடிந்து வடிந்து கண்ணில் இறங்கியது. இரண்டு கையும் மூட்டையில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. பின்னாலேயே ஓடிய சாலம்மாளைத் துடைக்க விடவில்லை.

அன்றிலிருந்து அது உப்புத் திருடி வீடு. அடித்த மற்ற பெண்களையும் துரத்திவிட்டார்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்ச் சிதறிப்போனார்கள். ஆண்டாளை எந்த உப்பளத்திலும் சேர்க்கவில்லை. மூன்று மழைக்காலம் தாங்கினாள், செத்துப்போனாள். திண்டிவனம் தியேட்டர்காரர் சுப்ராயனுக்கு மச்சான் முறை. படம் இந்தப் பக்கமே வராமல் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் படமே இல்லாமல் போயிற்று. மிச்சமிருந்தது சுப்ராயன் வீட்டுக் கூடத்தில் மாட்டிய ஒரு போட்டோ. அதில் வஜ்ரநாதன் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார். சாலம்மாள் நடந்ததைச் சொன்னால், "சினிமால அடிச்சது நடிப்புதானே, அதுக்கா கோச்சுக்குவாரு? மூட்ட உங்க வீட்டுலதானே இருந்துச்சி?" என்பார்கள்.

கல்யாணமாகி, பாவாடை என்பவனுக்குப் பெண்டாட்டியாகி, அவன் செத்து, மகன் கலையரசன் தலையெடுத்த பிறகும், குழாயடியில் சண்டை வந்தால் முதல் சொல் அதுதான். உப்புத் திருடி மவ.

*

"விட்டுடும்மா" என்றான் கலையரசன். களியைக் கிள்ளி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்தவன் வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தான். "வர்ற தைல நாலு பாத்திய நம்ம பேருக்கே குத்தகைக்கு விடறேன்னு புருஷோத்தமன் அண்ணன் சொல்லிக்கினு இருக்குது. இப்பப் போயி அவங்கப்பாவ..." சுப்ராயனின் மகன் புருஷோத்தமன், உப்பளம் தன் கைக்கு வந்த பிறகுதான் இவர்களை வேலைக்குச் சேர்த்திருந்தான்.

"நான் இன்னாடா பண்ணிட்டேன்? படம் வருது. பாக்கப் போறேன்."

"நீ பாத்துட்டு சும்மா இருக்கற ஆளா?"

"அந்தப் புருஷோத்தமன் நல்லவன்டா. அவன் மேல எனக்கு ஒன்னும் இல்ல."

"அவரு நல்லவருதாம்மா. அதுக்குத்தான் சொல்றேன். கெழவனுக்கு எம்பது ஆயிடுச்சி. இன்னும் எத்தினி நாளு? தானா போய்ச் சேரும்."

"அதாண்டா எனக்கு பயம்" என்றாள் சாலம்மாள். "படம் வர்றதுக்குள்ள போய்ச் சேந்துடுவானோன்னுதான் வருஷா வருஷம் பயந்துக்கினே இருந்தேன்."

சரண்யா சிரித்துவிட்டு, புருஷன் முறைத்ததும் குழம்புச் சட்டியைக் கிளறினாள். கிளியனூர்ப் பெண் அவள். கல்யாணத்துக்கு முன்னால், "அந்த வீட்டுக்கா குடுக்குறீங்க?" என்று யாரோ அவள் அப்பாவிடம் கேட்டதை அவளும் கேட்டிருக்கிறாள்.

"அந்த சீன வெட்டிட்டு இருந்தா என்னா பண்ணுவ அத்த?"

சாலம்மாளைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி அது ஒன்றுதான்.

*

சித்திரைக் கடைசியில் புருஷோத்தமன் உப்புக் கொட்டகையில் லாரிக்கு மூட்டை ஏற்றவிட்டுக் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது அவளே போய் நின்றாள்.

"என்னாக்கா?"

"ஒன்னும் இல்ல தம்பி. அப்பாவுக்கு எம்பதாவது பொறந்தநாளு வருதாமே."

"ஆமாக்கா. வைகாசில. ஊருக்கே பிரியாணி."

"அப்பா நடிச்ச படம் அப்பதான் வெளிய வருதாம் தம்பி. வஜ்ரநாதன் படம்."

புருஷோத்தமன் கையிலிருந்த பேனாவைக் காதில் சொருகினான். "எந்தப் படம்? எங்க வீட்டு போட்டோல இருக்குதே, அதுவா? அப்பா நடிச்சிருக்காரா? ஷூட்டிங் நடந்துச்சின்னுதானே சொல்வாரு. நடிச்சேன்னு சொன்னதே இல்லியே!"

"பெரிய மனுஷன். தன் வாயால பெரும பேசிக்குவாரா?"

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"நானும்தான் அந்தக் கும்பல்ல நின்னேன் தம்பி. எங்கம்மாவும் நின்னுது."

அம்மா என்றதும் அவன் முகம் லேசாகச் சங்கடப்பட்டது. கேள்விப்பட்டிருக்கிறான். ஆனால் அப்பா நடித்த படம் என்கிற சந்தோஷம் அதை மூடிவிட்டது. "பெரிய ஸ்கிரீன் வெச்சிப் போட்டுடுவோம்க்கா! எல்லாரும் பாக்கட்டும்!"

"முதலியார்சாவடி தேசப்பன்னு ஒருத்தரு இருக்காரு. டிஸ்கு, மெஷினு எல்லாம் அவரே கொண்டாந்து போட்டுக் குடுப்பாரு. நான் சொல்லிடட்டுமா?"

"சொல்லுக்கா, சொல்லு."

*

நாலைந்து நாள் கழித்து சுப்ராயன் வரப்பில் வந்து நின்றார். யாரோ பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மீசை வெளுத்துத் தொங்கியிருந்தது. கையில் தடி. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். பாத்திக்குள் இறங்கவில்லை. சாலம்மாள் தலையில் உப்புக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். அவரைத் தாண்டிப் போய் குவியலில் கொட்டிவிட்டுத் திரும்பினாள்.

"ஏய் சாலா."

"சொல்லுங்க முதலாளி."

"எம்மவன்கிட்ட படம் கிடம்னு சொன்னியாமே."

"ஆமாங்க. பெருமையான சமாச்சாரம்தானே."

"வெளாடாத." தடியை மண்ணில் குத்தினார். "அவன்கிட்ட நான் வேணாம்னு சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறான். கூச்சப்படறேன்னு நெனச்சிக்கினு சிரிக்கிறான். நீ சொன்னா கேப்பான். டிஸ்கு வரலன்னு சொல்லிடு."

"வந்துடும்ங்க."

"உம்மவன் நாலு பாத்தி கேட்டானாமே. எட்டா வுடச் சொல்றேன். குத்தகையே வேணாம். எழுதியே குடுக்கச் சொல்றேன்."

தூரத்தில் கலையரசன் தண்ணீர் இறைக்கிற இன்ஜினை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்ப்பது தெரிந்தது. சாலம்மாள் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். முதலாளி நிற்க அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பாத்தி வேணாங்க. ஒன்னே ஒன்னு பண்ணுங்க. பொறந்தநாள் அன்னிக்கி மைக்கப் புடிச்சி, ஆண்டாள் திருடல, மூட்டைய நான்தான் வெச்சேன்னு சொல்லிடுங்க. நானே தேசப்பனத் திருப்பி அனுப்பிடறேன்."

சுப்ராயன் உப்பைப் பார்த்தார். கண் கூசித் தண்ணீர் வந்தது.

"அவ செத்து எந்தக் காலமோ ஆச்சி. இனிமே அத சொல்லி யாருக்கு என்னா ஆவப்போவுது?"

"எனக்கு."

"எம் பேரப்புள்ளைங்க எல்லாம் வந்திருக்கும்டி."

"எங்கம்மா கடத்தெருவுல நடந்தப்ப நானும் புள்ளதாங்க."

அவர் குனிந்து செருப்பைத் தேடினார். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

"படம் ஆரம்பிக்கற வரைக்கும் நேரம் இருக்குது முதலாளி" என்றாள். "அது வரைக்கும்தான்."

*

வைகாசியில் பொழுது சாய்கிற நேரத்தில் உப்புக் கொட்டகை முற்றத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. திரைக்குப் பக்கத்தில் ஆளுயர ஃபிளக்ஸ். கூடத்துப் போட்டோவைப் பெரிதாக்கி அடித்திருந்தார்கள். வஜ்ரநாதன் கை, சுப்ராயன் தோள், கீழே 'திரையுலகம் கண்ட எங்கள் தந்தையே'. சுப்ராயன் முன்வரிசை நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். உப்பளத்து ஆட்கள் தார்ப்பாயில் பிரியாணி வாசத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தேசப்பன் வெள்ளைச் சட்டை போட்டு, டிஸ்க் உறையைப் பிரிக்கும் முன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

புருஷோத்தமன் மைக்கை அப்பாவிடம் நீட்டினான். "ரெண்டு வார்த்த பேசுப்பா."

சாலம்மாள் எழுந்து நின்றாள். சுப்ராயன் திரும்பி அவளைப் பார்த்தார். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். "எல்லாரும் நல்லா சாப்ட்டுப் போங்க" என்றார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சாலம்மாள் உட்கார்ந்தாள். "போடுப்பா தேசப்பா."

கறுப்பு வெள்ளைப் படம். துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. சிங்கப்பூர்க்காரன் வீட்டில் கிடந்த பிலிமா என்று நம்ப முடியாத அளவுக்கு உப்பு வெளேரென்று எரிந்தது. "டேய், நம்ம கழிவெளி ஏரிடா!" "அந்தப் பனைமரம் பாரேன்!" ஒரு பாட்டு முடிந்தது, ஒரு சண்டை முடிந்தது. சரண்யா சாலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வரப்பின் மேல் முறுக்கு மீசை தெரிந்தது.

"முதலாளி! முதலாளி!" விசில் பறந்தது. புருஷோத்தமன் எழுந்து நின்று செல்போனில் படம் பிடித்தான். திரையில் சுப்ராயன் நெஞ்சை நிமிர்த்தி ஏதோ அதட்டினார். கூட்டம் கைதட்டியது. அடுத்து திரை முழுக்க ஒரு ஜோடி பூட்ஸ் வந்தது. வரப்பில் நின்றது. இறங்கியது.

விசில் தானாக நின்றது.

"டேய்... பாத்தியில எறங்கறான்டா."

"பூட்ஸோடவா?"

"ச்சீ. தரைய பாரு. பொத்துக்கினு போவுது பாரு."

"மிதிச்சவ வயிறு எரியாது?" என்றாள் ஒரு பெண். யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. உப்பளத்து ஆட்களுக்கு விளக்க அதில் ஒன்றுமில்லை.

அப்போது ஆண்டாள் வந்தாள். சாலம்மாளிடம் அம்மாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை. அம்மாவின் நெற்றி அவ்வளவு அகலம் என்பதை அவள் மறந்திருந்தாள். ஆண்டாள் தரையைப் பார்த்தாள், நிமிர்ந்தாள், பலகையைச் சுழற்றினாள். அடி விழுந்த சத்தம் ஸ்பீக்கரில் அதிர்ந்தது. கேமரா ஒரு குலுங்கு குலுங்கியது. அடுத்த அடி, அதற்கடுத்த அடி. கும்பலுக்கு நடுவில் தாவணி கட்டிய ஒரு பெண் வாயைத் திறந்து கத்திக்கொண்டே அடித்துக்கொண்டிருந்தாள். கங்காணி சேற்றில் விழுந்து, கையெடுத்துக் கும்பிட்டு, நிஜமாகவே அழுதார்.

வஜ்ரநாதன் ஓடி வந்தார். வரப்பில் ஒரு கணம் நின்று செருப்பைக் கழற்றிப் போட்டார். வெறுங்காலோடு இறங்கினார். சாலம்மாள் அன்று அதைக் கவனிக்கவில்லை. இப்போதுதான் பார்த்தாள். தார்ப்பாய் முழுக்க விசில் கிளம்பியது. மெஷினுக்குப் பக்கத்தில் தேசப்பன் தேம்பினார். வஜ்ரநாதன் கங்காணியைச் சேற்றிலிருந்து தூக்கி நிறுத்தி, மேலே அடி விழாமல் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டார்.

"இது அந்த போட்டோ" என்றான் ஒருவன்.

எல்லோர் தலையும் ஒரே சமயத்தில் ஃபிளக்ஸ் பக்கம் திரும்பியது. முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு முற்றமே சிரித்தது.

புருஷோத்தமன் செல்போனை இறக்கினான். அவனும் சின்ன வயதில் தை மாதம் மிதித்தவன்தான். "அப்பா" என்றான். "செருப்பு காலோடவா பாத்தியில எறங்குன?"

"செருப்பு இல்ல தம்பி" என்றாள் சாலம்மாள், இருந்த இடத்திலிருந்தே. "லாடம் அடிச்ச பூட்ஸு."

அவன் அவளைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். "அப்ப அந்த உப்பு மூட்ட..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. முன்வரிசையில் பலரும் சுப்ராயனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சுப்ராயன் மாலையைக் கழற்றினார். கையை நீட்டினார். மைக்குக்காகத்தான். யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். "சாலா" என்றார் ஸ்பீக்கரில். "உங்கம்மா..."

சாலம்மாள் எழுந்து போனாள். கலையரசன், "அம்மா" என்று முந்தானையைப் பிடித்தான். சரண்யா அவன் கையைத் தட்டிவிட்டாள். சாலம்மாள் சுப்ராயனுக்கு முன்னால் நின்று, உப்பு அரித்த உள்ளங்கையால் மைக்கின் வாயைப் பொத்தினாள்.

"இப்ப வேணாம் முதலாளி. நான் குடுத்த நேரம் முடிஞ்சி போச்சி. படம் பாருங்க. இன்னும் எடவேளைகூட வரல."

மைக்கை வாங்கி புருஷோத்தமனிடம் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"நாளைக்கி நமக்கு வேல இல்ல" என்றான் கலையரசன் மெதுவாக.

"இல்லதான்" என்றாள் சரண்யா. அவள் கண் திரையைவிட்டு நகரவில்லை.

சாலம்மாள் மெஷின் பக்கம் திரும்பினாள். "தேசப்பா, கண்ணத் தொடச்சிக்க. அந்த எடத்தத் திருப்பிப் போடு."

தேசப்பன் பொத்தானை அழுத்தினார். படம் பின்னோக்கி ஓடியது. விழுந்தவர் எழுந்தார். சேறு மூடிக்கொண்டது. பூட்ஸ் பின்பக்கமாகவே நடந்து வரப்பேறி நின்றது. லாடத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

மறுபடியும் இறங்கியது. இந்தத் தடவை முற்றம் முழுக்க அதற்காகக் காத்திருந்தது.